இரண்டாம் பெயர்க்காரிகளின் ஞாயிற்றுக்கிழமை

வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறவனுக்கு, அந்த ஆள் இறந்துபோயிருப்பது பெரிய வசதி. நாம் எழுதியதை மறுக்க மாட்டார். கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொல்ல மாட்டார். எஸ்தர் அக்கா உயிரோடு இருந்தார். எழுபத்தெட்டு வயதில், புனே வானவடியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில், ஏகப்பட்ட உயிரோடு இருந்தார்.

என்னை அனுப்பியது என் மனைவி ஜெயா. பாளையங்கோட்டையில் அவள் படித்த பெண்கள் பள்ளியின் பழைய மாணவியர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அதே பள்ளியில் படித்து, புனேக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், பெண்களின் ஓட்டுரிமைக்காகவும் சமாதானத்துக்காகவும் ஆயுள் முழுக்கப் போராடிய எஸ்தர் டீச்சரைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வர வேண்டும். ஜெயாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. நான் உள்ளூர் வார இதழில் எழுதுகிறவன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிறவன். செயற்குழு ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் செயற்குழுவில் எனக்கு ஓட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை புனே ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, ஆட்டோக்காரரிடம் வானவடி என்றேன். நம் காதுக்கு அது தீபாவளிச் சரக்கின் பெயர்போல இருக்கிறது. அவர் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் ஒரு கடையோரம் நிறுத்தி இறங்கிப் போனார். வண்டிக்கு என்ன கோளாறோ என்று எட்டிப் பார்த்தால், அவர் உட்கார்ந்து மிசல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். திருநெல்வேலி ஆட்டோக்காரர்கள் சவாரியை உட்காரவைத்துவிட்டு வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்கள். இவர் தனக்கே போட்டுக்கொண்டார். முளைகட்டிய பயறு, மேலே மிக்சர், அதற்கும் மேலே செக்கச்செவேலென்று ஒரு குழம்பு, தொட்டுத் தின்ன பன். இரண்டு வாய்க்குள் என் கண்ணில் நீர் கொட்டியது. ஆட்டோக்காரர் கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார். உபசாரமா வேடிக்கையா என்று இன்றுவரை தெரியவில்லை.

கதவைத் திறந்த எஸ்தர் அக்கா குள்ளமாக இருந்தார். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓடுவதற்குப் போடும் ஷூ. என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. எதுக்கு அழுதுகிட்டு வாரீய?"

மிசல் என்றேன். வெறும் வயிற்றிலா என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தட்டு போஹேயும் மோரும் கொண்டுவந்து வைத்தார். போஹே என்பது நம் அவல் உப்புமாதான். ஆனால் அதை உப்புமா என்று சொன்னால் இந்த ஊரில் முகம் சுளிக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்து, செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டேன். போராட்ட உணர்வு உங்களுக்குள் எப்போது முளைத்தது? அக்கா காதில் இருந்த கருவியைத் தொட்டார். நான் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவர் புன்னகையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை அணைத்துவிட்டார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவரே அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு, எனக்கு மலை ஏற வருமா என்று கேட்டார். வரும் என்று சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் என் பயணம் என் கையை விட்டுப் போனது.

ஜன்னல் வழியாக அவர் காட்டியது இது. அந்தக் குடியிருப்பில் இரண்டு கட்டடங்கள். ஏ கட்டடத்தில் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அக்காவைப் போன்ற பழைய ஆட்களும். பி கட்டடத்தில் கணினி வேலைக்காரர்கள், சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் உட்பட. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் சின்ன இரும்பு கேட். பி கட்டடத்துப் பிள்ளைகளின் பந்து ஏ கட்டடத்து ரோஜாத் தொட்டிகளை உடைத்தது. இவர்கள் கத்த, அவர்கள் கத்த, ஏ கட்டடத்தின் கர்னல் ஒருவர், குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர், கேட்டைப் பூட்டிவிட்டார். ஒரு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. ஊஞ்சல் இந்தப் பக்கம், பால் கடை அந்தப் பக்கம். இரண்டு தரப்பும் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் வருகிறார்கள்.

பி கட்டடத்தில் பவித்ரா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண். அவளும் அவள் கணவன் கார்த்திக்கும் வேலையிலிருந்து வரும்வரை அவர்களுடைய மகள் ஆதிராவைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொண்டது கர்னலின் மனைவி சுனந்தா. கேட்டைப் பூட்டிய பிறகும் அந்தக் குழந்தை சுனந்தாவைத் தேடி மெயின் ரோடு வழியாக வந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒரு பைக் இடித்துக் கை முறிந்தது. அதற்குப் பின் வருவது நின்றுபோயிற்று. சுனந்தா சாயங்காலங்களில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள் என்றார் அக்கா.

சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுத்துத் திறந்துவிடலாமே என்றேன்.

"ஓட்டு யாருக்கு இருக்கு? பத்திரத்துல முதல் பேரு யாரோ அவங்களுக்கு. எல்லா வீட்டுலயும் முதல் பேரு புருஷன். ரெண்டாம் பேருதான் பொம்பள. இந்தக் காம்பவுண்டுல ஓட்டுள்ள ஒரே பொம்பள நான். எனக்கு எப்படி வந்துது தெரியுமா? இவரு செத்தாரு, வந்துது." அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒரு ஓட்டு வாங்க ஒரு புருஷன் சாகணும்னா அது ரொம்பச் செலவுல்லா தம்பி."

ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது. முதல் பெயர்க்காரர் கூட்டத்துக்கு வராவிட்டால் இரண்டாம் பெயர்க்காரர் வந்து ஓட்டுப் போடலாம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னைப் பார்த்தார். இந்தப் பெரிய வாழ்க்கை வரலாற்றில் என் இடம் எது என்று அப்போது மங்கலாகப் புரிய ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் என்னைக் கேம்ப் என்கிற பழைய கடைவீதிப் பகுதிக்குக் கூட்டிப்போனார். தேவாலயங்கள், துணிக்கடைகள், பேக்கரிகள், ஹார்ன் சத்தம். முப்பது வருடத்துக்கும் மேலாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு முனையில், போர் வேண்டாம் என்ற பலகையோடு பேசாமல் நிற்பதுதான் அவருடைய வழக்கம். ஒரு காலத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்து நின்றார்களாம். இப்போது அவர் மட்டும். அன்றைக்குக் கூட நான். பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தான் ஒரு மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ராணுவ ஜவான்கள் மார்க்கெட் பையோடு எங்களைக் கடந்து போனார்கள். ஒருவர் அக்காவுக்கு வணக்கம் சொன்னார். ஒரு பெரியவர் என்னிடம் வந்து இந்தியில் ஏதோ மிக அக்கறையாகக் கேட்டார். நான் பேசக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் உற்சாகமாகி இன்னும் கேட்டார். நான் இன்னும் ஆட்டினேன். நேரம் முடிந்ததும் அக்கா சொன்னார்: நான் பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், எழுத்து புரியாமல் அது வீட்டு விற்பனை விளம்பரம் என்று நினைத்து அவர் மூன்று அறை உண்டா, தண்ணீர் வருமா, மீன் சமைத்தால் ஆட்சேபம் இல்லையா என்றெல்லாம் கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். பேசக் கூடாதே என்றார். திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் பால்கோவா போட்ட மாவா கேக் வாங்கித் தந்து என்னைச் சமாதானப்படுத்தினார். சமாதானத்துக்கான போராளி என்பதற்கு நான் நேரில் கண்ட முதல் ஆதாரம் அதுதான்.

சனிக்கிழமை தாபோடிக்குப் போனோம். கல்யாணமாகி வந்து அவர் முதலில் குடியிருந்த இடம். பஸ்ஸில் ஏறியதும் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து நின்று தொண்டையைச் செருமினாள். எழுந்து அடுத்த சீட்டுக்குப் போனேன். இன்னொரு பெண் வந்து செருமினாள். கடைசியில் நின்றுகொண்டே போனேன். பெண்ணுரிமையைப் பற்றி எழுத வந்தவன் அதை உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது என்று அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

தாபோடியில் பழைய தெருவைக் காட்டினார். ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். நான் ஒலிப்பதிவை ஓடவிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கணவர் சாமுவேல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே தயாரானது பீரங்கிக் குண்டுகள். பள்ளி ஆசிரியையான மனைவி வெள்ளிக்கிழமை கேம்ப்பில் போர் வேண்டாம் என்று நிற்பார். கணவர் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார். ஒருமுறை மேலதிகாரி சாமுவேலைக் கூப்பிட்டு, உன் மனைவியை நிறுத்து என்றாராம். முதலில் நீங்கள் உங்கள் மனைவியை எதிலாவது நிறுத்திக் காட்டுங்கள், அந்த முறையை நானும் கற்றுக்கொள்கிறேன் என்றாராம் சாமுவேல். அதோடு அந்தப் பேச்சு நின்றது. வீட்டில் சண்டை வரவில்லையா என்று கேட்டேன். வராமல் என்ன, தினமும் வந்தது என்றார். அவர் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டே அவர் வேலையை எதிர்க்கிறாளே என்று மாமியார் கேட்டபோது, அக்கா தன் சம்பளத்தில் தனியாக அரிசி வாங்கித் தனிப் பானையில் பொங்கினார். நாலாம் நாள் சாமுவேல் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் பானைக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஓட்டுக் கதை அதைவிட ருசி. அவர்கள் போன தமிழ்ச் சபையில் அந்தக் காலத்தில் குடும்பத் தலைவர்கள்தான் சபைக் கமிட்டிக்கு ஓட்டுப் போட்டார்கள். அக்கா போய்க் கேட்டார். பெண்கள் பாடல் குழுவில் இருக்கிறார்கள், அது போதாதா என்று கமிட்டியார் பதில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் மட்டும் பாடினார்கள். முதல் வாரம் சுதி போயிற்று. அடுத்த வாரம் தாளமும் போயிற்று. பண்டிகை நெருங்கியது, கமிட்டி அவசரமாகக் கூடியது.

"ஆம்பிளையள் பாடினத நீங்க கேட்டிருக்கணும் தம்பி. ஆண்டவரே எங்க பக்கம் வந்துட்டாரு."

திரும்பி வரும்போது மறுநாள் திட்டத்தைச் சொன்னார். ஆண்கள் காலையில் என்னோடு ஊருக்கு வெளியே மலைமேல் இருக்கும் சிங்ககட் கோட்டைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தாளருக்குக் கோட்டையைக் காட்ட ஆள் வேண்டும் என்று அக்கா ஏற்கெனவே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். கர்னல்தான் முதலில் பெயர் கொடுத்தார். ஏமாற்று வேலையாக இல்லையா என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்லி யாரையும் அனுப்பவில்லை, நாளைக்கு வண்டி ஏறும்போது எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லித்தான் அனுப்புவேன் என்றார்.

சொன்னபடியே செய்தார். ஞாயிறு காலை வேனில் ஏ கட்டடத்து ஆண்கள் ஒரு பக்கமும் பி கட்டடத்து ஆண்கள் ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா வாசலில் நின்று, இன்றைக்குக் கூட்டம், நீங்கள் போவதால் உங்கள் வீட்டுப் பெண்கள் வந்து ஓட்டுப் போடுவார்கள், கேட்டைத் திறப்பதும் புதிய கமிட்டித் தேர்வும் பேச்சில் உண்டு என்று இந்தியில் சொன்னார். ஆண்கள் சிரித்தார்கள். கூட்டம் என்றாலே கத்தல், அங்கே காபியும் கிடையாது. கோட்டையில் பிட்லா பாக்ரி உண்டு. கர்னல் உயரமான மனிதர், வெள்ளை மீசை, முழங்காலில் பட்டை. என் மனைவியின் கருத்தும் என் கருத்தும் ஒன்றுதான், போய்வரலாம் என்றார். அவர் மனைவி சுனந்தா பின்னால் நின்று அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கர்னல் அருமையான வழிகாட்டி. எந்தச் சுவர் வழியாக யார் ஏறினார்கள், யார் விழுந்தார்கள் என்று நேற்று நடந்ததுபோல ஆங்கிலத்தில் சொன்னார். நான் வேலையை மறந்து உண்மையாகவே கேள்விகள் கேட்டேன். மேலே ஓலைப் பந்தலில் உட்கார்ந்து, கடலைமாவில் செய்த பிட்லா, பாக்ரி என்னும் சோள ரொட்டி, பச்சை மிளகாய்த் துவையல், மண்சட்டித் தயிர் என்று சாப்பிட்டோம். ஒரே பாயில் நெருங்கி உட்கார வேண்டியிருந்ததால் இரண்டு கட்டடத்துக்காரர்களும் துவையலை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்ற அளவுக்குப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

கெடுத்தது கார்த்திக். நல்ல பையன், வாய்தான் நிற்காது. இரண்டாவது தயிரைத் தின்றுகொண்டே கர்னலிடம், இன்னைக்கு கேட் திறந்துரும்னு பவித்ரா சொன்னாங்க சார் என்றான்.

கர்னல் பாக்ரியைக் கீழே வைத்தார். போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். கேட் விஷயத்தில் கையைத் தூக்காதே என்று சுருக்கமாகச் சொன்னார். மறுமுனையில் ஒரே ஒரு சொல். போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். 'பகூயா' என்றாள் என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவரைத் தடுக்க வேண்டியது என் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வாசல் பார்க்கவில்லையே என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. முழங்கால் வலியோடு விறுவிறுவென்று இறங்குகிற மனிதரைத் தனியாக விட மனம் வராமல் நானும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலைப்பாதை முழுக்கக் கார்கள் மேலே வந்து சிக்கிக் கிடந்தன. எங்கள் வேன் அசைய வழியில்லை. கர்னல் நடந்தே இறங்கி, ஒரு ஷேர் ஜீப்பை நிறுத்தி, முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், இரண்டு தயிர்க்காரிகளுக்கும் அவர்களுடைய காலிப் பானைகளுக்கும் நடுவில். அடிவாரத்திலிருந்து ஆட்டோ. வானவடியை நெருங்கும்போது கர்னல், அந்தக் குழந்தையின் கை எப்படி இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கீழ்த்தளத்து ஹாலில். நாங்கள் போனபோது கேட்டைத் திறப்பதற்குக் கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் வளையல் கைகள் ஒரு தோப்பு மாதிரி நின்றன. கோட்டைக்கு வராமல் வீட்டில் தங்கிவிட்ட சில ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் சுனந்தா. கை உயர்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் பவித்ரா.

கர்னல் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ஒரு காலை வைத்தார். சுனந்தா திரும்பிப் பார்த்தாள். கை இறங்கவில்லை. மராத்தியில் மெதுவாகத்தான் சொன்னாள். வாசலோரம் உட்கார்ந்திருந்த அக்கா என் காதில் தமிழில் சொன்னார்.

"அங்கேயே நில்லுங்க. நீங்க உள்ள வந்தா என் கை செல்லாது."

கர்னல் அவளைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். பிறகு வைத்த காலை எடுத்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே, வெறுங்காலோடு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எண்ணுகிறவர் விட்ட இடத்திலிருந்து எண்ணினார். ஒரே ஒரு கை கூடுதலில் தீர்மானம் நிறைவேறியது. அதே கூட்டத்தில் புதிய கமிட்டியும் தேர்வானது. சுனந்தா தலைவி, பவித்ரா பொருளாளர்.

வெளியே நான் கர்னலிடம் ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அவ கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் தூக்கி வைப்பாள்னு பார்க்கணும்போல இருந்தது." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவரைத் தடுக்க முடியவில்லை என்று. தடுத்திருந்தால் உங்களோடு பேசியிருக்க மாட்டேன் என்றார். பூட்டிவைத்து ஜெயிப்பதாக இருந்தால் கேட்டைத் திறக்கச் சொல்ல நமக்கு வாய் ஏது என்று கேட்டார்.

சாயங்காலம் கர்னலே சாவியைக் கொண்டுவந்து சுனந்தாவிடம் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. பவித்ரா அந்தப் பக்கத்திலிருந்து கம்பி வழியாகத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினாள். "நல்லா ஊத்துங்க ஆன்ட்டி, கஞ்சப்படாதீங்க" என்று தமிழில் சொல்லி, பிறகு நினைவு வந்து இந்தியில் சொன்னாள். கேட் கிறீச்சிட்டுத் திறந்ததும் ஆதிரா, கட்டுப் போட்ட கையோடு, யாரையும் பார்க்காமல் நேராக ஊஞ்சலுக்கு ஓடினாள். ஒரு கையால் ஆட முடியாது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சுனந்தா போய் அவளை மடியில் வைத்து ஆடினாள். அவள் அழுதாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்றார். அவருக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் மலருக்கு அழகாக இருந்திருக்கும். எனக்கு ரயில் திங்கட்கிழமை மத்தியானம்தான்.

திங்கட்கிழமை காலை அக்கா வீட்டில் வேலை செய்யும் மங்கல் தாமதமாக வந்தாள். மூச்சு வாங்கியது. நாலு மாடி ஏறி வந்திருக்கிறாள். லிஃப்டுக்கு என்ன என்று அக்கா கேட்டார். லிஃப்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்றாள். புதிய கமிட்டி நேற்றே கூடி எடுத்த முதல் முடிவு. காலை நேரத்தில் லிஃப்டில் நெரிசலாம், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் படியில் போக வேண்டுமாம். ஏ கட்டடம், பி கட்டடம், எல்லோரும் ஒப்புதல்.

மங்கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மராத்தியில் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்: "சண்டை போட்டுட்டு இருந்தவரைக்கும் எங்களுக்கு லிஃப்ட் இருந்துச்சு. ஒத்துமை ஆயிட்டாங்க, போயிருச்சு."

அக்கா மங்கலுக்கு டீ போட்டுக் கொடுத்தார். தானும் குடித்தார். ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். என்னைப் பார்த்து, பெட்டியை எடுங்க, படியில போவோம் என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மங்கல் பின்தொடர, நாலு மாடி இறங்கினேன். கீழே லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் அக்கா வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லிஃப்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லி, மங்கல் ஏறும்வரை நான் ஏறப்போவதில்லை, நீங்கள் எப்படி என்று கேட்டார். மிரட்டல் இல்லை, வேறு பேச்சு இல்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். கார்த்திக் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவன், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் படியில் ஏறினான்.

சுனந்தா தகவல் கேட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. இந்தியில் பேசினாள், எனக்கே புரிகிற எளிய இந்தி. நேற்று கையைத் தூக்கு என்று சொன்னது நீங்கள்தானே, தூக்கி ஒரு முடிவு எடுத்தால் இன்றைக்கே எதிரில் உட்காருகிறீர்களே என்றாள்.

"ஆமா," என்றார் அக்கா. அவரை அறியாமல் தமிழ் வந்துவிட்டது. பிறகு இந்தியில் சொன்னார்: "நேற்று தூக்கச் சொன்னேன். இன்றைக்கு இறக்கச் சொல்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கர்னல் செய்தித்தாளோடு வந்தார். மூன்றாவது மாடி அவர் வீடு. என்ன நடக்கிறது என்று கேட்டார். அக்கா விளக்கினார். அவர் தாளைப் படித்தார், கீழே இருந்த மனைவியின் கையெழுத்தைப் படித்தார், மனைவியைப் பார்த்தார். முந்தின நாள் வாசலில் நின்றபோது வராத சிரிப்பு இப்போது மீசைக்கடியில் வந்தது. முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டு, செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் ஏறத் தொடங்கினார்.

சுனந்தா கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை. முதல் மாடி தாண்டியது கேட்டது. பிறகு காலடிச் சத்தம் மெதுவானது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு முனகல்.

முழங்கால் பிடித்துக்கொண்டது. சுனந்தா மங்கலிடம், லிஃப்டில் இரண்டாவது மாடிக்குப் போ, சாகேபைத் தாங்கிப் பிடித்து உள்ளே ஏற்று என்றாள். மங்கல் அசையவில்லை. லிஃப்டில் போக எனக்கு உத்தரவு இல்லை, படியில் போகிறேன், ஆனால் சாகேப் மாதிரி எனக்கும் கால் வலி, வர நேரமாகும் என்று மரியாதையாகச் சொன்னாள்.

சுனந்தா அக்காவைப் பார்த்தாள். அக்கா காதுக் கருவியைத் தொட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சுனந்தா தாளின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். பசை நன்றாக ஒட்டியிருந்தது. பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. மங்கல் நகத்தால் மற்ற மூலையைச் சுரண்டிக் கொடுத்தாள். தாளைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு சுனந்தா லிஃப்டுக்குள் போனாள், மங்கலும் போனாள். கதவு மூடியது.

என் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கி வரட்டும், சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். லிஃப்ட் இரண்டாவது மாடியிலேயே வெகுநேரம் நின்றது. கடைசியில் மங்கல் மட்டும் இறங்கி வந்தாள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே. என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டார்.

கர்னல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். தாளைக் கிழித்தது தலைவி தனியாகச் செய்த காரியம், கமிட்டி கூடி முறைப்படி ரத்து செய்யும்வரை போராட்டத்தைக் கைவிடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டாராம். தலைவி மேலே போய் அவருக்குத் தலையணை எடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.